ஆங்கிலத்தில் எழுதினால் மரபு அறுந்துவிடுமா?

நவீன இந்தியத் தத்துவவாதிகள் ஆங்கிலத்தில் எழுதினார்கள், மரபு பண்டிதர்களோடு நின்றுவிட்டது, ஆய்வேட்டில் இரண்டையும் எப்படி இணைப்பது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்தப் பிரிவினையையே சந்தேகப்படுங்கள்.

1983-இல் புனேயில் தயா கிருஷ்ணா போன்ற நவீனத் தத்துவவாதிகள் பண்டிதர்களோடு உட்கார்ந்து, பிரிட்டிஷ் தத்துவவாதி ரஸ்ஸலின் 'ப்ரொபோசிஷன்' (ஒரு வாக்கியம் சொல்லும், மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கக்கூடிய பொருள்) கருத்தை, தர்க்கத்துக்குப் பேர்போன இந்தியத் தத்துவப் பள்ளியான நியாய மரபு எப்படிப் பார்க்கும் என்று விவாதித்தார்கள். அதுவும் சமஸ்கிருதத்தில்! அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். நியாயம் ஆன்மாவை ஏற்கும் தரிசனம். ஆனால் ஆன்மா என்று தனியாக ஒன்று இல்லாமலே, உடலையும் மனத்தையும் வைத்தே நியாய தரிசனத்தை நடத்திவிடலாமே என்று வாதாடிப் பார்த்தார் பத்ரிநாத் சுக்லா. அவர் வெளியாள் இல்லை, பழுத்த நையாயிகர், அதாவது நியாய மரபிலேயே ஊறிய பண்டிதர்.

ஆங்கிலத்தில் எழுதிய தத்துவவாதிகளில் கே.சி. பட்டாச்சார்யாவைக் கட்டாயம் சேருங்கள். ஆனால் அத்தியாயத்தைச் சுக்லாவிலிருந்து தொடங்குங்கள். ராதாகிருஷ்ணனுக்கு, என்னைக் கேட்டால், ஒரு பக்கம் போதும்.