மழைத் தோட்டத்தின் அடியில் அழுகுகிறது, மேட்டில் காய்கிறது: குழி தப்பா, செடி தப்பா?

வந்த கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாசகி ஒருவரின் வீட்டுக் கூரையில் 600 சதுர அடிப் பரப்பின் தண்ணீர் ஒரே குழாய் வழியாக முன்பக்கம் இறங்குகிறது. அதை மண்ணுக்குள் இறக்குவதற்காக, சுவரிலிருந்து 11 அடி தள்ளி, 12க்கு 8 அடியில், அரை அடி ஆழத்தில் ஒரு மழைத் தோட்டம் போட்டிருக்கிறார். ஒரு தோட்ட கான்ட்ராக்டர்தான் செய்து கொடுத்தது. முதல் மழைக்காலத்திலேயே நடுப்பள்ளத்தில் வைத்த துளசியும் நித்தியகல்யாணியும் அழுகிவிட்டன. மழை நின்று இரண்டு மாதத்தில் மேட்டில் வைத்த வசம்பு கருகிப்போனது, கல்வாழை குச்சியாக நிற்கிறது. பள்ளத்தில் தண்ணீர் பெரும்பாலும் மறுநாள் வடிந்துவிடுகிறது, குழாய்ப் பக்கத்து மூலையில் மட்டும் மூன்று நான்கு நாள் நிற்கிறது. இப்போது கான்ட்ராக்டர், "மண் சரியில்லை, இன்னும் ஓர் அடி தோண்டி, களை முளைக்காமலிருக்கக் களைத்துணி விரித்து, கூழாங்கல் கொட்டி, 180 செடி புதிதாக வைக்கலாம்" என்கிறாராம். உறைபனி விழாத இடம், நான்கு மாதம் மழை, மற்றபடி நீண்ட வறட்சி. அவர் சொல்வதைக் கேட்கலாமா, எந்தச் செடியை எங்கே வைப்பது என்று கேட்கிறார்.

கேட்க வேண்டாம். குழி சரியாகத்தான் இருக்கிறது, செடிகளிலும் பெரும்பாலானவை நல்ல செடிகள். இடம்தான் தலைகீழாகிவிட்டது.

எப்படி இப்படி ஆனது என்று உங்கள் படத்தைப் பார்த்ததுமே புரிந்தது. உயரமான செடியெல்லாம் சுற்றிலும் விளிம்பில், குட்டையானதும் பூ நிறைய பூப்பதும் நடுவில். சாதாரணப் பூப்பாத்தியில் அப்படி வைப்பது அழகுதான். ஆனால் மழைத் தோட்டத்தில் நடுப்பகுதிதான் தண்ணீர் நிற்கிற இடம், விளிம்பு வெறும் மேட்டு நிலம். தண்ணீரைத் தாங்குகிற கல்வாழையை உயரமாக இருக்கிறது என்பதற்காக மேட்டில் ஏற்றிவிட்டு, ஒரு நாள் வேரில் தண்ணீர் நின்றாலே அழுகுகிற நித்தியகல்யாணியை, நிறம் தெரியட்டும் என்று பள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள். மண் சரியில்லை என்பது இந்தத் தவற்றை மூடச் சொல்கிற காரணம்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழைத் தோட்டம் குளம் இல்லை. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் அது காய்ந்த தரை. மழை பெய்தால் சில மணி நேரம் நிறைந்து, ஓரிரு நாளில் வடிந்துவிட வேண்டும். அதனால் அடியில் வைக்கிற செடிக்கு இரண்டு குணமும் வேண்டும்: இரண்டு நாள் கழுத்தளவு தண்ணீரில் நின்றாலும் அழுகக் கூடாது, இரண்டு மாதம் மழையே இல்லாவிட்டாலும் சாகக் கூடாது. குளக்கரைச் செடிகள் எல்லாம் முதல் பாதியில் தேறி இரண்டாம் பாதியில் தோற்றுவிடும். உங்கள் வசம்பு அப்படிப் போனதுதான். அதைப் பள்ளத்தில் வைத்திருந்தாலும் வறட்சியில் போயிருக்கும், நீர்ப்பிரம்மியும் அப்படித்தான். இரண்டுக்கும் காலடியில் ஈரம் எப்போதும் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அல்லியும் தாமரையும் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவருக்கு மழைத் தோட்டம் என்றால் என்னவென்றே தெரியாது என்று முடிவு கட்டிவிடலாம்.

இணையத்தில் கிடைக்கிற செடிப் பட்டியல்களையும் நம்பி இறங்காதீர்கள். இந்த மழைத் தோட்ட முறை இன்றைய வடிவத்தில் 1990 வாக்கில் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் மாவட்டத்தில், ஒரு புதிய குடியிருப்பின் வீடுகளுக்காகத் தொடங்கியது. அங்கே வருடம் முழுக்கப் பரவலாக மழை உண்டு, குளிர்காலத்தில் செடி உறங்கும். அந்த மாதிரி ஊருக்கு எழுதிய பட்டியல்களைத்தான் பலரும் படி எடுத்து, நான்கு மாதத்தில் மொத்த மழையும் கொட்டித் தீர்க்கிற இடத்துக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் குழிக்கு வருகிறேன். ஓர் அங்குல மழைக்கு 600 சதுர அடிக் கூரையிலிருந்து சுமார் 1400 லிட்டர் இறங்கும். உங்கள் பள்ளம், ஓரச் சரிவைக் கழித்தால்கூட எண்ணூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும், நிறைய நிறைய உள்ளேயும் இறங்கிக்கொண்டே இருக்கும். இது போதும். பெருமழைக்கு மிச்சம் வெளியேற ஒரு வழிவாய் இருந்தால் சரி. எதற்கு இன்னும் ஓர் அடி? ஒன்றரை அடி ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால் வடிய மூன்று மடங்கு நேரம் ஆகும், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஆபத்து. அடியில் உள்ள செடிகளும் முழுகும்.

களைத்துணியும் வேண்டவே வேண்டாம். கூரைத் தண்ணீரோடு வருகிற மெல்லிய வண்டல் துணியின் கண்களை அடைத்துவிடும், பிறகு தண்ணீர் இறங்காது. செடி பக்கவாட்டில் பரவி இடத்தை மூடவும் துணி விடாது. முழுப் பரப்பிலும் கூழாங்கல் கொட்டுவதும் வீண், வெயிலில் கல் சூடேறி இளஞ்செடியைப் பொசுக்கும். குழாய் வந்து விழுகிற இடத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்குக் கல் போடுங்கள், மண் அரிக்காமல் இருக்கும்.

சரி, மூலையில் மூன்று நான்கு நாள் நிற்கிற தண்ணீர்? தோண்டாதீர்கள் என்று சொன்னதற்கு ஒரே விதிவிலக்கு இதுதான், இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பார்க்காமலேயே எத்தனையோ பேர் செடி மாற்றி, மண் மாற்றி, கடைசியில் தோட்டத்தையே மூடிவிடுகிறார்கள். புது வீடுகளில் மண்ணுக்கு அடியில் ஒரு கெட்டி அடுக்கு இருக்கும். கட்டுமான நேரத்தில் லாரி ஏறி இறங்கி இறுகிய தரை, சிமென்ட் கலவை போட்ட இடத்தில் சிமென்ட் பால் இறங்கி உறைந்த தட்டு, அதன்மேல் கொட்டிய இடிபாடு, எல்லாவற்றுக்கும் மேலே அரை அடி நல்ல மண்ணைப் பரப்பிச் சமப்படுத்திவிட்டுப் போயிருப்பார்கள். நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் மூன்று தடவை செடி மாற்றியிருந்தார்கள். அழுகிய செடி ஒன்றைப் பிடுங்கினேன், வேர் முழுவதும் தோசைக்கல்லில் ஊற்றியது போலத் தட்டையாகப் பரவியிருந்தது, ஒரு வேர்கூடக் கீழே போகவில்லை. கடப்பாரையைப் போட்டால் டங் என்று கேட்டது. பெயர்த்து எடுத்தபோது மூன்று விரல் கனத்தில் சாம்பல் நிறத் தட்டு, அதற்குக் கீழே பொலபொலவென்று அருமையான மண். நான்கு இடத்தில் உடைத்துவிட்டதும் அடுத்த மழைக்கு ஒரே ராத்திரியில் வடிந்தது.  அதனால்தான் உங்கள் மூலையைப் பற்றிப் படித்ததும் எனக்கு இந்தச் சந்தேகம் வந்தது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். அந்த மூலையில் ஓர் அடி ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி எடுங்கள். கெட்டியாக ஏதாவது தட்டினால் விடை கிடைத்துவிட்டது, உடைத்து, அந்தத் துண்டுகளை வெளியே எடுத்துவிடுங்கள், அங்கேயே போட்டு மூடாதீர்கள். எதுவும் தட்டவில்லை என்றால் குழியைத் தண்ணீரால் நிரப்பி முழுதாக வடியவிடுங்கள், காய்ந்த மண் முதல் தடவை உறிஞ்சுவது கணக்கில் சேராது. மறுபடி நிரப்பி, அரை அரை அங்குலமாகக் கோடு போட்ட குச்சியைச் செருகி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அரை அங்குலம் இறங்கினால் போதும், பள்ளம் முழுக்க நிறைந்தாலும் 12 மணி நேரத்தில் காலியாகிவிடும் என்று அர்த்தம். கொசு முட்டையிட்டுப் பறக்க வெயில் காலத்திலும் ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும், அதனால் இரண்டு நாளில் வடிகிற தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம். நான்கு நாள் நிற்கிற மூலை அப்படியில்லை, அடுத்தடுத்து மழை வந்தால் அது நிரந்தரத் தேக்கம்.

இந்தச் சோதனையைத் தோண்டுவதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். கட்டட அனுமதிக்கு வரைபடத்தில் மழைநீருக்கு ஒரு கட்டம் வரைந்து காட்டினால் முத்திரை விழுந்துவிடுகிறது. தண்ணீர் இறங்குகிறதா என்று குச்சி வைத்துப் பார்க்க எவரும் வருவதில்லை, இரண்டு வருடம் கழித்து அது இருக்கிறதா என்றும் எவரும் கேட்பதில்லை. கான்ட்ராக்டருக்கு முதல் நாள் எடுக்கிற படம் நன்றாக இருந்தால் போதும். நர்சரியிலும் செடியின் மேல் பூ எவ்வளவு பெரிது என்று எழுதியிருக்கும், எத்தனை நாள் தண்ணீர் தாங்கும் என்று எழுதியிருக்காது. இத்தனை பேர் சேர்ந்து விட்ட குறைக்கு நீங்கள் உங்கள் கைராசியைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி நடவு. மனதுக்குள் குழியை மூன்று வளையமாகப் பிரியுங்கள்: நடுவே ஏறக்குறைய 8க்கு 4 அடி தட்டையான அடி, அதைச் சுற்றிச் சரிவு, அதற்கு மேலே விளிம்பு.

அடியில், தண்ணீர் உள்ளே வருகிற கல்லுக்கு அடுத்து, வெட்டிவேரைத் தண்ணீரின் போக்குக்குக் குறுக்காக அரை அடிக்கு ஒன்று என வரிசையாக வையுங்கள். முழுகினாலும் தாங்கும், வறட்சியிலும் தாங்கும், வேர் ஆளுயரத்துக்கும் கீழே போகும், வருகிற வண்டலையும் பிடித்து நிறுத்தும். அதற்கு அடுத்து மேட்டில் குச்சியாக நிற்கும் உங்கள் கல்வாழைகளைக் கிழங்கோடு பெயர்த்து, ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். இலை காய்ந்திருந்தாலும் கிழங்கு கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். கோடையில் இலை கருகினால் தரையோடு வெட்டிவிடுங்கள், மழை வந்ததும் துளிர்க்கும். மிச்ச இடத்துக்கு விஷமூங்கில் (மூங்கில் இல்லை, வெள்ளைப் பூ பூக்கும் கிழங்குச் செடி) நன்றாகப் பொருந்தும், ஆனால் பெயரில் உள்ளது போலவே அது விஷம், குழந்தையோ நாயோ செடியைக் கடித்துப் பார்க்கிற வீடென்றால் விட்டுவிடுங்கள். கோரை வைக்கலாம் என்று யாராவது கொண்டுவந்தால் வேரைப் பாருங்கள், கீழே மணி மணியாகக் கிழங்கு இருந்தால் அது களைக் கோரை, ஒரு தடவை உள்ளே வந்தால் ஆயுசுக்கும் போகாது.

சரிவுக்குப் பொடுதலை. தரையோடு படர்ந்து மண்ணைப் பிடிக்கும், முழுகினாலும் கவலையில்லை, மிதித்தாலும் கவலையில்லை. இடையிடையே மழை லில்லிக் கிழங்குகளைக் கொத்தாகப் புதைத்துவிடுங்கள், நிறம் வேண்டும் என்ற ஆசை அதில் தீரும். இதற்குப் பதிலாக மஞ்சள் பூ பூக்கும், பளபளக்கிற இலையுள்ள வெடேலியாவைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். வேகமாக மூடும் என்பது உண்மை, மற்ற எல்லாச் செடியையும் சேர்த்து மூடும் என்பதும் உண்மை.

விளிம்பில் துளசி, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, ஆடாதோடை, எலுமிச்சைப் புல். இதெல்லாம் காலில் தண்ணீர் நிற்காமல் இருந்தால் போதும் என்று வளர்கிறவை. மரம் வேண்டாம்.

எண்ணிக்கை: 96 சதுர அடிக்கு 180 செடி என்றால் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு. முதல் மாதம் காடு மாதிரி இருக்கும், ஆறாவது மாதம் ஒன்றையொன்று நெரித்துப் பாதி சாகும், சாவது உங்கள் பராமரிப்புக் குறை என்று சொல்லி மறுபடி விற்பார்கள். குறுக்கு வரிசை வெட்டிவேரைக் கணக்கில் சேர்க்காமல் உங்களுக்கு 40, 45 செடி தாராளம். ஆரம்பத்தில் வெறிச்சென்று தெரியும், தெரியட்டும். இடையில் உள்ள மண்ணை நார்நாராகக் கிழித்த மரக்கழிவால் மூடுங்கள், பட்டைச் சில்லு மிதந்து வழிவாயை அடைக்கும். வாங்கும்போது கவரைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வேர் சுருண்டு வளையமாக இருந்தால் அந்தச் செடி வேண்டாம். உரம் போடாதீர்கள், வடிகிற தண்ணீரோடு அதுவும் இறங்கிப் போகும்.

மழைக்காலத்தின் முதல் தூறல்கள் விழுந்த பிறகு நடுங்கள், கொட்டுகிற மழையில் நட்டால் வேர் பிடிக்கும் முன்னே பெயர்ந்துவிடும். அப்புறம் வரும் முதல் கோடைக்கு மட்டும் வாரம் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும், வறட்சி தாங்கும் செடிக்கும் வேர் கீழே போக ஒரு வருடம் தேவை. வெட்டிவேர் வரிசைக்கு முன்னால் சேருகிற வண்டலை ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் மண்வெட்டியால் வழித்து எடுத்துவிடுங்கள்.

கான்ட்ராக்டருக்கு இப்போதைக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள். மூலையில் குழி எடுத்துப் பார்த்துவிட்டு, குச்சியில் எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள். அரை அங்குலத்துக்குக் குறைவாக இருந்து, தட்டும் எதுவும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் குழியின் பக்கச் சுவரைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், மண்ணின் அடுக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.