கால்பந்துப் போர் என்பது என்ன? ஓர் ஆட்டத்துக்காகவா இரண்டு நாடுகள் மோதின?

1969 ஜூலை 14 முதல் 18 வரை, ஏறத்தாழ நூறு மணி நேரம், மத்திய அமெரிக்க நாடுகளான எல் சால்வடோரும் ஹோண்டுராஸும் நடத்திய போரையே கால்பந்துப் போர் என்கிறார்கள்.

அதன் வேர் நிலத்தில் இருந்தது. ஹோண்டுராஸின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள எல் சால்வடோரில் மக்கள்தொகையோ அதிகம். விளைநிலம் சில குடும்பங்களிடம் குவிந்திருந்ததால், சுமார் 3 லட்சம் பேர் எல்லை தாண்டிச் சென்று ஹோண்டுராஸில் குடியேறியிருந்தார்கள். 1962-இன் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைப் பின்னாளில் முடுக்கிவிட்ட ஹோண்டுராஸ் அரசு, இந்த ஏழைகள் உழுத நிலத்தைப் பிடுங்கி, அந்நாட்டில் பிறந்தவர்களுக்குக் கொடுத்தது. குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு திரும்பிக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில்தான் இவ்விரு நாடுகளுக்கும் இடையே உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்கள் வந்தன.

இங்கே பெங்களூரில், கோடை முழுவதும் டேங்கர் தண்ணீரைப் பங்கிடுவதில் புகைந்துகொண்டிருக்கும் ஓர் அடுக்ககத்தில், வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியதற்காக ஒரு நாள் கைகலப்பு வந்தால், சண்டைக்கு ஸ்கூட்டர்தான் காரணம் என்று அங்கே குடியிருப்பவர் எவரும் சொல்லமாட்டார்.

அமைதி ஒப்பந்தம் 1980-இல்தான் கையெழுத்தானது. என் மனத்தை உறுத்துவது அதைவிடப் பெரிய விளைவு: திரும்பி வந்தவர்களுக்குக் கொடுக்க நிலமில்லாத எல் சால்வடோர், கால்பந்துப் போர் முடிந்த சுமார் பத்தாண்டில் உள்நாட்டுப் போரில் சரிந்து, 1992 வரை மீளவில்லை.

ஆட்டத்தில் தோற்ற நாடு ஆத்திரத்தில் படையெடுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஜூன் 27 அன்று மெக்சிகோ நகரில் 3-2 என்று வென்ற எல் சால்வடோர்தான் முதலில் படையெடுத்தது.