மொழிக் கற்றலும் தொழில்நுட்பமும்: ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோரின் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்லூரி ஆசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் எழுதியவை. ஒரே பொருளைப் பற்றியவை என்பதால் அவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கல்லூரி முதலாண்டு மாணவர்கள் 32 பேருக்கு வாட்ஸ்அப் குரல்பதிவுகள் வழியே எட்டு வாரம் ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி கொடுத்தேன். பின்தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது. விளைவின் அளவு (மாற்றம் எவ்வளவு பெரியது என்று காட்டும் புள்ளியியல் எண்) 0.8. ஆனால் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று மதிப்பீட்டாளருக்கே அனுப்பாமல் ஆறு நாளில் கட்டுரையைத் திருப்பிவிட்டது. என் ஆங்கிலம்தான் குறையா? (உதவிப் பேராசிரியை, நாகர்கோவில்)

நீங்கள் அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆங்கிலத்தில் குறை இல்லை. கட்டுரையின் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பின் வசதிகளும், குழு தொடங்கிய விதமும், கோப்புகளைச் சேமித்த முறையும் இருக்கின்றன. கற்றல் எப்படி நடந்தது என்பது கடைசி மூன்று பக்கங்களில்தான் வருகிறது. ஹவாய் பல்கலைக்கழகத்திலிருந்து 1997 முதல் வெளிவரும் 'லாங்குவேஜ் லேர்னிங் அண்ட் டெக்னாலஜி' என்ற இதழ், தன் அக்கறை தொழில்நுட்பத்தின் மீது அன்று, அதனால் மொழி கற்றலும் கற்பித்தலும் எவ்வாறு மாறுகின்றன என்பதன் மீதே என்று தன் நோக்கக் குறிப்பிலேயே தெளிவாகச் சொல்கிறது. இந்தத் துறையின் பிற முன்னணி இதழ்களும் இதே கண்ணோடுதான் பார்க்கின்றன. என் முதல் கட்டுரையும் இப்படித்தான் திரும்பி வந்தது. பதினான்கு பக்கத்தில் ஒன்பது பக்கம் மென்பொருளின் திரைகளை விவரித்திருந்தேன். பதிலில், 'இதில் மாணவர் எங்கே இருக்கிறார்?' என்று மட்டும் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடியே கட்டுரையை முழுவதும் திருத்தி எழுதினேன்.

உங்கள் மாணவர் எங்கே இருக்கிறார் என்பது பிற்சேர்க்கையில் கிடைக்கிறது. விளவங்கோடு பகுதியிலிருந்து வரும் ஒரு மாணவர், ஒரே வாக்கியத்தை மொட்டைமாடியில் நின்று ஏழு முறை பதிவுசெய்து, ஒவ்வொரு முறையும் கேட்டுப் பார்த்து அழித்து, எட்டாவதைத்தான் உங்களுக்கு அனுப்பியதாக நேர்காணலில் சொல்லியிருக்கிறார். உங்கள் ஆய்வின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வகுப்பறையில் எல்லார் முன்பும் ஒரே ஒரு முறை பேச வேண்டியவர், கைப்பேசியில் யாரும் கேளாமல் ஏழு முறை தம் குரலையே கேட்டுத் திருத்திக்கொண்டிருக்கிறார். கற்பவர் ஒரு மொழிக்கூறைத் தாமே கவனித்தறியாமல் அது அவருக்குள் நிலைப்பதில்லை என்ற மொழியியலாளர் ரிச்சர்ட் ஷ்மிட்டின் 1990ஆம் ஆண்டுக் கருத்தோடு இதை இணைத்துப் பாருங்கள். மற்ற 31 பேரிடமும் எத்தனை முறை பதிவுசெய்து அழித்தார்கள், எதைக் கேட்டுத் திருத்தினார்கள் என்று விசாரித்து எழுதினால், அதே தரவிலிருந்து வேறொரு கட்டுரை பிறக்கும்.

எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 0.8 'பெரிய விளைவு' என்பது புள்ளியியல் அறிஞர் கோஹனின் பொது அளவுகோல். இரண்டாம் மொழி ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த பிளான்ஸ்கியும் ஆஸ்வால்டும் 2014இல் முன்வைத்த அளவுகோலின்படி, ஒரே குழுவின் முன்தேர்வையும் பின்தேர்வையும் ஒப்பிடும்போது 0.60 சிறியது, 1.00 நடுத்தரமானது, 1.40 பெரியது, ஆகவே உங்கள் 0.8 சிறியதற்கும் நடுத்தரத்துக்கும் இடையில் நிற்கிறது. அதில் தாழ்வு ஒன்றுமில்லை. ஆனால் 'பெரிய முன்னேற்றம்' என்று சுருக்கத்திலேயே எழுதியதைத் துறை அறிந்த இதழாசிரியர் படித்த கணத்திலேயே நம்பிக்கை இழந்திருப்பார். ஒப்பீட்டுக் குழு இல்லாததால் அந்த உயர்வு பயிற்சியால் வந்ததா, அதே தேர்வை இரண்டாம் முறை எழுதியதால் வந்ததா என்ற ஐயமும் எழும். உங்கள் கல்லூரியில் இரண்டு பிரிவுகள் இருக்குமானால், அடுத்த ஆண்டு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, பயிற்சி முடிந்து ஆறு வாரம் கழித்து மூன்றாவது தேர்வு ஒன்றையும் நடத்துங்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை இந்த மாவட்டம் கேரளப் பகுதியோடு ஒரே மாநிலமாக இருந்ததும், மேற்கு வட்டங்களில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டிலும் ஒரே சந்தையிலும் புழங்குவதும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை; தொலைவிலிருக்கும் மதிப்பீட்டாளருக்கோ உங்கள் மாணவருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி என்பதே நீங்கள் எழுதினால்தான் தெரியும். 'தென்னிந்தியக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள்' என்ற ஒரு வரி போதாது.

ஏழு நாளில் பிரசுரம், கட்டணம் 3,500 ரூபாய், ஐஎஸ்எஸ்என் எண் உண்டு என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலும் இப்போது இல்லையாமே. எப்படித் தெரிந்துகொள்வது? (முனைவர் பட்ட ஆய்வாளர், தக்கலை)

அனுப்பாதீர்கள். ஐஎஸ்எஸ்என் என்பது தொடர் வெளியீடு ஒன்றை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண். அது தரச்சான்று அன்று. நேர்மையான மதிப்பீட்டுக்குப் பொதுவாக மாதங்கள் ஆகும். ஏழு நாளில் யாரும் உங்கள் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்கள்.

கேர் பட்டியலைக் கைவிடுவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் அறிவித்தது உண்மை. இனி இதழின் தரத்தை ஆராயும் பொறுப்பு நிறுவனங்களுடையதும் உங்களுடையதும் ஆகிறது. ஆய்விதழ்களைத் தொகுக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருப்பதாக ஓர் இதழ் சொன்னால், அதன் இணையதளத்தை நம்பாமல் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலிலேயே தேடுங்கள். நல்ல இதழ்களின் பெயரைத் திருடி நடத்தப்படும் போலித் தளங்கள் ஏராளம். ஆசிரியர் குழுவில் இருப்பதாகக் காட்டப்படும் இருவருக்கு அவர்களுடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதிக் கேளுங்கள். கட்டணம் கேட்பதாலேயே ஓர் இதழ் போலி ஆகிவிடாது. ஆனால் மேலே சொன்ன ஹவாய் இதழ் எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் ஒரு காசும் வாங்குவதில்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

அவசரம் ஏன் என்பதையும் யோசியுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் நீக்கிவிட்டன. உங்கள் பல்கலைக்கழகம் தனியே விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் நெறியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செயலியில் வாசிப்பதைப் பதிவுசெய்திருக்கிறேன். தலைமையாசிரியர் வாய்மொழியாக அனுமதி தந்தார். இது போதுமா? (ஆசிரியர், கொல்லங்கோடு)

போதாது. குரலும் ஒருவரை அடையாளம் காட்டும் தரவு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே வரையறுத்துப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ஆய்வுக்கு அதில் சில விலக்குகள் இருந்தாலும், நல்ல இதழ்கள் நெறிக்குழுவின் (ஆய்வின் அறநெறியைப் பரிசீலிக்கும் குழுவின்) அனுமதியையும் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலையும் எதிர்பார்க்கின்றன. தரவு திரட்டிய பிறகு முன்தேதியிட்டு அனுமதி வாங்குவது தவறு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஏற்கெனவே எடுத்த பதிவுகளை முன்னோட்டமாக வைத்துக்கொண்டு, முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதியோடும் ஒரு கல்லூரி நெறிக்குழுவின் ஒப்புதலோடும் ஆய்வைப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கட்டும். அதைப் படித்துக்காட்டவும் வேண்டும். தூத்தூர்ப் பக்கம் தந்தையர் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்புவதில்லை; கையெழுத்திட வருபவர் பெரும்பாலும் தாய்தான். அப்படி ஒருமுறை நான் படிவத்தைப் படித்து முடித்ததும் ஒரு தாய், "எனக்க பிள்ளைக்க சத்தத்த ஆரெல்லாம் கேப்பினும்?" என்று கேட்டார். நெறிக்குழு கேட்கும் எல்லாக் கேள்விகளையும்விட அது கூர்மையானது. யார் கேட்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதற்கு அந்தத் தாய்க்குப் புரியும் விடை உங்கள் படிவத்தில் இருக்க வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால், தாய் கையெழுத்திட்டிருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பெயர் தெரியாத மதிப்பீடு என்கிறார்கள். தலைப்புப் பக்கத்தில் பெயரை நீக்கினால் போதுமா? (ஆய்வாளர், குழித்துறை)

இல்லை. கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் தானாகவே பதிவாகியிருக்கும், அதை அழியுங்கள். நன்றியுரையை எடுத்துவிடுங்கள். 'எங்கள் முந்தைய ஆய்வில்' என்பதை மூன்றாம் நபர் நடையில் மாற்றுங்கள். படங்களில் கல்லூரியின் பெயர் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு ஆங்கிலத்தைத் திருத்தலாமா? (ஜெர்மன் மொழிப் பயிற்றுநர், மார்த்தாண்டம்)

பெரும்பாலான இதழ்கள் அனுமதிக்கின்றன. எந்தக் கருவியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கட்டுரையிலேயே சொல்லிவிட வேண்டும். கருவியைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்கக் கூடாது என்பது பதிப்பு நெறிக்குழுவான கோப் அமைப்பின் நிலைப்பாடு, ஏனெனில் பொறுப்பேற்க அதனால் இயலாது. அது தரும் மேற்கோள் நூல்களை மட்டும் நம்பவே கூடாது. இல்லாத கட்டுரையை இருக்கும் அறிஞரின் பெயரில் அழகாகத் தந்துவிடும். ஒவ்வொன்றையும் திறந்து படித்த பிறகே சேருங்கள்.

இரண்டு மதிப்பீட்டாளர்களும் நேர் எதிராகச் சொல்கிறார்கள்: ஒருவர் நேர்காணல் பகுதியை விரிக்கச் சொல்கிறார், மற்றவர் நீக்கச் சொல்கிறார். வேறு இதழுக்கு அனுப்பிவிடலாமா? (உதவிப் பேராசிரியர், நாகர்கோவில்)

பெரும் திருத்தம் கேட்டிருக்கிறார்கள் என்றால் கட்டுரையில் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதை விட்டுப் போகாதீர்கள். முறையாகத் திரும்பப் பெறாமல் இன்னோர் இதழுக்கு அனுப்பினால் அது இரட்டைச் சமர்ப்பிப்பு ஆகிவிடும். ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எழுதி, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று பதில்மடலில் குறியுங்கள். ஏற்க முடியாத கருத்துக்குக் காரணத்தைப் பணிவாக, சான்றோடு சொல்லலாம். இருவரும் முரண்படும் இடத்தில், நேர்காணல்கள் உங்கள் முதல் ஆய்வுக் கேள்விக்கு விடை தருகின்றனவா என்று பார்த்து நீங்களே முடிவெடுத்து, அந்த முடிவை இதழாசிரியருக்கு வெளிப்படையாக எழுதுங்கள். கெடு போதாதென்றால் இப்போதே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் நீட்டித்துத் தருவார்கள்.