அண்ணன் ஏன் நீங்கள் இல்லாத நேரத்தில் வருகிறார்?

கேள்வி: எனக்கு வயது 43, அண்ணனுக்கு 49. அவர் வாங்கி வந்த கேசட்டுகளில்தான் நான் ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ஹார்ட் ராக் குழுவைக் கேட்கத் தொடங்கினேன். 1978-இல் வந்த ‘பவரேஜ்’தான் அவர்களுடைய உச்சம், 1980-இல் பாடகர் பான் ஸ்காட் இறந்ததோடு குழு முடிந்துவிட்டது என்பது அண்ணனின் கட்சி. அவருக்குப் பின் பிரையன் ஜான்சன் பாடிய ‘பேக் இன் பிளாக்’கை மிஞ்ச ஹார்ட் ராக்கில் எதுவும் இல்லை என்பது என் கட்சி. சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பர் வீட்டில் எல்லோர் முன்னிலையிலும், “டீ-ஷர்ட்டைப் பார்த்து ரசிகனானவன் நீ” என்றார். “செத்தவனுக்கு இன்னும் திதி கொடுக்கிறவன் நீ” என்றேன். எழுந்து போனவர்தான், இன்றுவரை பேச்சில்லை. அம்மா என்னோடு இருப்பதால், அவரைப் பார்க்க அண்ணன் இப்போது நான் வேலைக்குப் போன பிறகு வந்து போகிறார். எது சிறந்த ஆல்பம் என்று நீங்கள் தீர்ப்புச் சொன்னால் அவருக்குக் காட்டுவேன். யார் முதலில் இறங்கி வர வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தை இங்கே மிகவும் சுருக்கியிருக்கிறேன். மூலத்தில், எந்த டிரம்மர் எந்த ஆண்டு வெளியேறினார், எந்த ஆல்பம் எவ்வளவு விற்றது என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தீர்கள். உங்கள் தாயாரைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வாக்கியம். போகிற போக்கில் எழுதிய அந்த வாக்கியத்தைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை. ஐம்பதை நெருங்கிய ஒரு மனிதர், பெற்ற தாயைப் பார்ப்பதற்கு, தம்பியின் வண்டி வாசலில் இல்லாத நேரமாகப் பார்த்து வருகிறார். இதை ஒரு தகவலாக எழுத உங்களால் எப்படி முடிந்தது?

அவர் வரப்போகிற நாள் அம்மாவுக்கு முன்பே தெரிந்திருக்கும், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அண்ணன் காபி குடித்த டம்ளர் நீங்கள் வீடு திரும்புவதற்குள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். வந்தாரா என்று நீங்கள் கேட்பதில்லை, வந்தார் என்று அவரும் சொல்வதில்லை. இருந்தாலும் அவர் வந்து போவது உங்களுக்குத் தெரிகிறது, தெரிந்தும் இத்தனை மாதங்களாக அதை ஓர் ஏற்பாட்டைப் போல நடக்க விட்டிருக்கிறீர்கள். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர் அவர்கள் இருவரையும் ஒரே நேரத்தில் ஒரே கூடத்தில் பார்க்க வேண்டும் என்று நினைப்பது பேராசை அல்ல. அந்த வயதில் அவர் கேட்கக்கூடியதே அவ்வளவுதான், அதையும் நீங்கள் இருவரும் சேர்ந்து அவரிடமிருந்து பறித்திருக்கிறீர்கள். வீட்டுக் கடன் யார் கட்டினாலும், தாய் இருக்கிற வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் வீடுதான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

சகோதரர் சண்டைக் கடிதங்கள் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகின்றன. நிலத்துக்காக, கட்சிக்காக, நடிகருக்காக, இளையராஜாவா ரஹ்மானா என்பதற்காகப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள் எழுதுகிறார்கள். ரசனையில் வேறுபாடு வருவது இயல்பு, நாளாக ஆக எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்களுக்கு நான் எழுதியதில்லை, உங்களுக்கும் எழுத மாட்டேன். நாளாக ஆக எதுவும் சரியாவதில்லை. இருவரும் பேசாமலிருக்கப் பழகிக்கொள்கிறார்கள், பிறகு ஏதாவது ஒரு மருத்துவமனை வராந்தாவில் எதிரெதிரே நின்றுகொண்டு யார் முதலில் வாயைத் திறப்பது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

தீர்ப்புக் கேட்டீர்கள். அந்தக் குழுவை நானும் நெடுங்காலமாகக் கேட்டு வருவதால் சொல்கிறேன், ஆனால் முதலில் உங்கள் கட்சியைத்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. ‘பேக் இன் பிளாக்’ எந்தச் சூழ்நிலையில் உருவானது என்பது உங்களுக்குத் தெரியும். 1980 பிப்ரவரி 19 அன்று லண்டனில் பான் ஸ்காட் இறந்தபோது அவருக்கு வயது 33. குழுவைக் கலைத்துவிடலாமா என்று அதன் கிட்டார் கலைஞர்களான சகோதரர்கள் மால்கம் யங்கும் ஆங்கஸ் யங்கும் யோசித்தார்கள், மகனைப் பறிகொடுத்த அந்தப் பெற்றோர்தான் தொடருங்கள் என்று ஊக்கம் கொடுத்தார்கள். சில வாரங்களில் பஹாமாஸின் நாசோ நகரில் ஒலிப்பதிவு தொடங்கியது, ஜூலையில் ஆல்பம் வெளிவந்தது. அதன் அட்டை முழுக்கக் கறுப்பு, ஏனென்றால் அது துக்கத்தின் அடையாளமாகவே வைக்கப்பட்டது. முதல் பாடலான ‘ஹெல்ஸ் பெல்ஸ்’ ஒரு பெரிய மணியின் நிதானமான ஓசையில் தொடங்குகிறது, அதற்குப் பிறகுதான் கிட்டார் வருகிறது. ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய பாடலும் இறந்தவருக்காகவே எழுதப்பட்டது. அழுது வடியாமல் அவரைக் கொண்டாடும்படி எழுதுங்கள் என்றுதான் புதிதாக வந்த பிரையன் ஜான்சனிடம் கேட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் நீங்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஆல்பம், தொடக்கம் முதல் இறுதிவரை, செத்தவருக்குச் செய்த மரியாதை. அதை இத்தனை ஆண்டுகளாகக் கேட்டவர், அதே மனிதரை மறக்க முடியாமல் இருக்கும் அண்ணனைப் பார்த்துத் திதி கொடுக்கிறவன் என்று பலர் நடுவே ஏளனம் செய்கிறார். திதி கொடுப்பது கேலிக்குரிய காரியம் என்று உங்கள் வீட்டில் யார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? உங்களுக்கு அந்த ஆல்பத்தின் ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகள் எல்லாம் மனப்பாடமாக இருக்கலாம். அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை நீங்கள் உள்ளே வாங்கிக்கொள்ளவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. ‘பவரேஜ்’ ஆல்பத்தில் பான் ஸ்காட் எழுதிய வரிகளுக்கு ஈடாக அந்தக் குழு பின்னாளில் எதையும் எழுதவில்லை என்பது என் கருத்து. ‘டவுன் பேமென்ட் புளூஸ்’ பாடலில் வருகிறவனிடம் ஆடம்பரக் கார் இருக்கிறது, பெட்ரோல் போடக் காசில்லை. வறுமையை இவ்வளவு நிமிர்ந்து பாடிய ஹார்ட் ராக் பாடல்கள் குறைவு. ‘ரிஃப் ராஃப்’ தொடங்கும்போது மால்கம், ஆங்கஸ் என்ற அண்ணன் தம்பி இருவரின் கிட்டார்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போவதைக் கேட்ட ஒருவர் அதிலேயே தங்கிவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஆனால் 1980-க்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்பது வெறும் பிடிவாதம். ‘பேக் இன் பிளாக்’ அளவுக்கு ஒரு சுரம்கூட வீணாகாமல் செதுக்கப்பட்ட ஆல்பம் அவர்களிடம் வேறில்லை, 1990-இன் ‘தண்டர்ஸ்ட்ரக்’ பாடலை ஒதுக்குவதற்கும் நியாயமான காரணம் எதுவும் கிடையாது. எழுத்துக்கு ‘பவரேஜ்’, கட்டமைப்புக்கு ‘பேக் இன் பிளாக்’, இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் ‘பவரேஜ்’ஜை எடுத்துக்கொள்வேன். இதை அண்ணனிடம் காட்டும் எண்ணம் இப்போது உங்களுக்கு மாறியிருக்கலாம்.

நீங்கள் இருவரும் சண்டையில் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. ‘பவரேஜ்’ஜைத் தயாரித்தவர்கள் ஹாரி வாண்டாவும், மால்கம், ஆங்கஸ் இருவரின் மூத்த சகோதரர் ஜார்ஜ் யங்கும். கிளாஸ்கோவிலிருந்து 1963-இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்த அந்தப் பெரிய குடும்பத்தில் இசைத் தொழிலில் முதலில் பெயர் எடுத்தவர் ஜார்ஜ்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் தம்பிகளை உட்கார வைத்துத் தொழில் கற்றுக் கொடுத்தவரும் அவரே. அடுத்த ஆல்பத்துக்கு வேறு தயாரிப்பாளர் வேண்டும் என்று அவர்களுடைய இசைத்தட்டுகளை வெளியிட்ட அமெரிக்க நிறுவனம் வற்புறுத்தியபோது, ஜார்ஜ் விலகிக்கொண்டார். 1979-இன் ‘ஹைவே டு ஹெல்’ மட் லாங் தயாரிப்பில் வந்து பெரும் வெற்றி பெற்றது, நீங்கள் கொண்டாடும் ‘பேக் இன் பிளாக்’கும் அவருடைய தயாரிப்புதான். அண்ணன் கொண்டாடும் ஆல்பத்துக்கும் தம்பி கொண்டாடும் ஆல்பத்துக்கும் நடுவில் இருப்பது, ஒரு மூத்தவர் தம்பிகளுக்காக விட்டுக்கொடுத்த இடம். அதன் பிறகு அவர்கள் உறவு அறுந்துவிடவில்லை. 1988-இலும் 2000-இலும் ஜார்ஜ் திரும்பி வந்து தம்பிகளின் ஆல்பங்களைத் தயாரித்துக் கொடுத்தார். மால்கமுக்கு மறதி நோய் வந்து 2014-இல் விலகியபோது, அவருடைய கிட்டார் வேலையை ஏற்றவர் மூத்த சகோதரர் ஒருவரின் மகன் ஸ்டீவி யங். ஜார்ஜ் 2017 அக்டோபரிலும் மால்கம் அதே ஆண்டு நவம்பரிலும் இறந்தார்கள். 2020-இல் வந்த ‘பவர் அப்’ ஆல்பத்தின் எல்லாப் பாடல்களிலும் ஆங்கஸின் பெயரோடு மால்கமின் பெயரும் இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் இசையைக் கேட்டு வளர்ந்த இரண்டு சகோதரர்கள், அதே இசையைக் காரணமாக வைத்துக்கொண்டு முகம் பார்க்காமல் இருக்கிறீர்கள்.

அண்ணன் சொன்னதும் தவறுதான். கையில் கேசட்டைக் கொடுத்து அழைத்து வந்தவரே, நீ உள்ளே வரத் தகுதியில்லாதவன் என்று பலர் முன் சொல்வது இளையவனை ஆழமாகக் காயப்படுத்தும். அவர் எனக்கு எழுதியிருந்தால் அவரைக் கண்டித்திருப்பேன். எழுதியவர் நீங்கள், தாயைத் தன்னிடம் வைத்திருப்பவரும் நீங்கள், அதனால் முதலில் இறங்கி வர வேண்டியவரும் நீங்கள்தான். இளையவர் முதலில் பேசுவது என்பது நம் குடும்பங்களில் ஒரு தோல்வியாக எண்ணப்பட்டதே இல்லை.

இன்று இரவே அம்மாவிடம், அண்ணன் வருவது எனக்குத் தெரியும், இனி நான் வீட்டில் இருக்கும் நேரத்திலேயே வரட்டும் என்று சொல்லுங்கள். அவர் வழியாகச் செய்தி அனுப்பியதோடு நின்றுவிடாமல், நீங்களே அண்ணனுடைய வீட்டுக்குப் போங்கள். அந்த ஒரு சொல்லுக்காக மன்னிப்புக் கேளுங்கள், எந்த ஆல்பத்தின் பெயரையும் அன்று எடுக்க வேண்டாம். அடுத்த முறை நண்பர்கள் கூடும்போது, அன்று அதைக் கேட்டவர்கள் முன்னிலையில் இன்னொரு முறையும் கேளுங்கள். ‘பவரேஜ்’ பற்றிய வாதத்தை அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம், ஆனால் அதை அம்மா உட்கார்ந்திருக்கும் கூடத்தில், இருவரும் அங்கே இருக்கும்போது நடத்துங்கள்.