உங்களுக்கு ரொம்பப் பிடித்த பெரிய எண் எது, ஏன்?

381654729. யோசிக்காமலே சொல்வேன்.

நாங்கள் மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். போன வருடம் மகள் பரீட்சைக்காக வகுபடும் விதிகளைப் படித்தபோதுதான் இந்த எண்ணை அவளுக்குக் காட்டினேன். 1 முதல் 9 வரை ஒவ்வொரு இலக்கமும் ஒரே ஒரு தடவை வருகிறது. இடப்பக்கத்திலிருந்து இரண்டு இலக்கம் எடுத்தால் 38, இரண்டால் வகுபடும். மூன்று எடுத்தால் 381, மூன்றால் வகுபடும். 3816 நான்கால், 38165 ஐந்தால், இப்படியே போய் முழு எண்ணும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். இந்த ஒன்பது இலக்கங்களை 3,62,880 விதமாக அடுக்கலாம், அத்தனையிலும் இந்தக் குணம் இருப்பது இது ஒன்றுக்குத்தான்.

இதைக் கண்டுபிடிக்க கம்ப்யூட்டரே வேண்டாம் என்பதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஐந்தாம் இடத்தில் 5 தவிர வேறு எதுவும் வராது. 2, 4, 6, 8-ஆம் இடங்களில் இரட்டைப்படை, அப்போது மற்ற இடங்களில் ஒற்றைப்படை. மூன்றாம் இடம் ஒற்றைப்படை என்பதால், நான்கால் வகுபட வேண்டுமென்றால் நான்காம் இடத்தில் 2 அல்லது 6 தான் பொருந்தும், எட்டாம் இடத்துக்கும் அதேதான், ஆக 4, 8 இரண்டும் இரண்டாம், ஆறாம் இடங்களுக்குப் போய்விடும். அப்புறம் மூன்றின் விதியைப் போட்டால் நடுவில் உள்ள மூன்று இலக்கங்கள் 258 அல்லது 654. எட்டின் விதியையும் சேர்த்து வடிகட்டினால் பத்தே பத்து எண்கள்தான் மிஞ்சும்.

ஏழுக்கு அப்படிச் சுலபமான விதி இல்லை, வகுத்துத்தான் பார்க்க வேண்டும். மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வகுத்தாள். 1472589, மீதி 6. 7412589, மீதி 2. ஒன்பது எண்கள் கழிந்துபோக, 3816547 மட்டும் ஏழால் சரியாக வகுபட்டு 545221 என்று வந்தது. அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இன்னொன்று. தமிழில் முப்பத்தெட்டுக் கோடியே பதினாறு லட்சத்து... என்று சொல்லி 38,16,54,729 எனப் பிரிக்கும்போது இது கண்ணில் படாது. இங்கே பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி மூன்று மூன்றாகப் பிரியுங்கள்: 381, 654, 729. ஒவ்வொன்றின் இலக்கங்களையும் கூட்டினால் 12, 15, 18. அந்த 729 வேறு, 9 × 9 × 9.

எங்கள் ரூபாய்த் தாள்களில் தமிழ் எண்களும் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்துப் பழகிய மகள் தன் கணக்கு நோட்டில் ௩௮௧௬௫௪௭௨௯ என்று எழுதி வைத்திருக்கிறாள். கடைசியில் ஒரு சுழி சேர்த்தால் பத்தாலும் வகுபடும், பத்து இலக்கமும் ஒவ்வொரு தடவை வந்துவிடும் என்று எனக்குச் சொன்னதும் அவள்தான்.