மை டப்பா பதில்கள்: பனைமரம் எங்கே போச்சு?

கேள்வி: அண்ணே, சாயல்குடியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கருப்பட்டிப் பெட்டிக்கு இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் டிசைன் செய்தேன். கறுப்பும், பேன்டோன் என்ற நிற அட்டவணையில் 4695 எண்ணுள்ள பழுப்பும், இரண்டே நிறம். நிறத்துக்கு ஒரு பிளேட் (அச்சுத் தகடு) என்று இரண்டு வர வேண்டும், ஆனால் மூன்று பிளேட் வந்தது. கூடுதலாக வந்ததைத் தவறென்று நினைத்து பிரஸ்ஸில் ஓரமாக வைத்துவிட்டார்கள். 2,000 ஷீட் ஓடியபின் பார்த்தால் பனைமர லோகோவைக் காணோம்! கம்ப்யூட்டரில் பழுப்பும் வெளிறித் தெரிகிறது. ஸ்வாட்ச்சை (ஃபைலில் பெயரிட்டு வைத்த நிறத்தை) அடர்த்தியாக மாற்றட்டுமா?
– வாசகர், சாயல்குடி

பதில்: பனைமரம் எங்கேயும் போகலை தம்பி. ஓரமாக் கிடக்குற பிளேட்ல நிக்குது.

லோகோ, கடைக்காரர் கொடுத்த பழைய ஃபைல்தானே? அதுல நிறத்தோட பேர் ‘4695 சிவி’ன்னு பழைய மாதிரி இருக்கும், பாருங்க. நீங்க எடுத்தது ‘4695 சி’. நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒரே பழுப்பு. சாஃப்ட்வேர் பேரைப் பார்த்துத்தான் பிளேட் பிரிக்கும். ஓரெழுத்து மாறினாலும் தனி பிளேட். கீழக்கரைக் கல்யாணப் பத்திரிகை ஒண்ணுக்கு ‘பச்சை’, ‘பச்சை 1’னு நானே ரெண்டு வச்சு, கூடுதல் பிளேட்டுக்குக் கைக்காசு கட்டியிருக்கேன்.

உள்ளே வச்ச லோகோவோட ஸ்வாட்ச்சை இன்டிசைன்ல அழிக்க முடியாது. அதுக்குத்தான் இங்க் மேனேஜர், எந்த மை எந்தப் பிளேட்டுக்குப் போகணும்னு சொல்ற இடம். ஸ்வாட்ச் பேனல் மெனுவிலேயே இருக்கு. ‘சிவி’யைத் தொட்டு, இங்க் அலையாஸ்ல (இதுக்குப் பதிலா எந்த மைன்னு கேக்குற இடத்துல) ‘சி’யைக் காட்டுங்க. ரெண்டும் ஒரே பிளேட்டுக்குப் போயிடும். பக்கத்துலயே ‘ஆல் ஸ்பாட்ஸ் டு பிராசஸ்’னு ஒரு கட்டம் இருக்கும். கை அரிச்சாலும் டிக் பண்ணிடாதீங்க. பழுப்பு தனி மையா இல்லாம, சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு கலரா உடைஞ்சிடும். பிடிஎஃப் எடுத்ததும் அக்ரோபாட்ல அவுட்புட் பிரிவியூ (பிளேட் பிளேட்டாப் பிரிச்சுக் காட்டும்) திறந்து பிளேட்டை எண்ணுங்க. ரெண்டுதான் இருக்கணும். இதைப் பார்க்காம ஃபைலை அனுப்புறது வலையைப் பார்க்காம கடலுக்குப் போற மாதிரி.

ஸ்வாட்ச்சை அடர்த்தியாக்க வேண்டாம். அது திரையையும் கலர் பிரிண்டையும்தான் மாத்தும், மை டப்பாவுல ஒரு சொட்டு மாறாது. பிளேட்டுக்கு நிறமே கிடையாது; மை எங்க படணும், எவ்வளவு படணும்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். இங்க் மேனேஜர்ல ‘ஸ்டாண்டர்டு லேப் வேல்யூஸ்’ (நிறத்தோட அளந்த மதிப்பு) டிக் பண்ணினா திரை ஓரளவு நெருங்கி வரும். நிஜப் பழுப்புக்கு பேன்டோன் புத்தகம்தான். பெட்டி அட்டை பளபளப்பில்லாததுன்னா ‘யூ’ போட்ட புத்தகத்தைப் பாருங்க. அட்டை மையைக் குடிக்கும். அதே மை பளபள தாள்ல அச்சடிச்ச ‘சி’ புத்தகத்துல ஒரு மாதிரி, ‘யூ’வுல வேற மாதிரி தெரியும்.

ஐப்பசி, கார்த்திகையில ஓட்டினா இன்னொரு தலைவலி. நம்ம கடற்கரை ஈரத்துல அட்டையும் நமுக்கும், மையும் லேசுல காயாது. உயரமா அடுக்கினா மேல் ஷீட்டோட முதுகுல பழுப்பு ஒட்டிக்கும்.

ஓடின 2,000 ஷீட்டையும் தூக்கிப் போட்டுடாதீங்க. இன்னும் வெட்டி மடிக்கலைன்னா அந்த மூணாவது பிளேட்டை ஏத்தி, ரிஜிஸ்டர் மார்க்கை (ஓரத்துல இருக்குற பொருத்தக் குறியை) பிடிச்சு, மிச்சமிருக்குற அதே பழுப்புல ஒரு ஓட்டம் ஓட்டச் சொல்லுங்க. பனைமரம் அதோட இடத்துல வந்து உட்காரும்.