தொலைக்காட்சி அறைக்கு இரண்டு ஒலிபெருக்கியா, ஐந்தா? வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளிற் பெரும்பாலானவை இரண்டு பெட்டியில் ஒலிக்கும் ஸ்டீரியோவா, சுற்றிவரப் பெட்டி வைத்துக் கேட்கும் சரவுண்டா என்பதையே சுற்றி வந்தன. கேள்வி ஒன்றானாலும் வீடுகள் வேறு வேறு என்பதால் பதில்களும் ஒன்றாக இல்லை. அறையின் அளவையும் கதவு, யன்னல் இருக்கும் இடத்தையும் எழுதியவர்களுக்கு விரிவாகப் பதில் சொல்ல முடிந்தது. பெட்டியின் விலையை மட்டும் எழுதியவர்களுக்குச் சுருக்கமாகவே சொல்ல முடிந்தது.

கேள்வி (கிளிநொச்சி): எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய 550 சதுர அடி வீடு. முன்னறை 10 அடி அகலம், 12 அடி நீளம். குறுகிய சுவரில் தொலைக்காட்சி, அதற்கு எதிர்ச்சுவரோடு செற்றி. செற்றியின் இடப்பக்கம் வாசற்கதவு, வலப்பக்கம் குசினிக்குப் போகும் வழி. 5.1 ஹோம் தியேட்டர் வாங்கலாமா?

பதில்: உங்கள் அறைக்கு இரண்டு நல்ல ஒலிபெருக்கிகளே பொருத்தம் என்பது என் கருத்து. காரணம் பணமன்று, இடமே. 5.1 அமைப்பில் முன்னால் இடது, நடு, வலது என மூன்றும், பக்கவாட்டில் சற்றுப் பின்னுக்கு இரண்டும், தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபரும் உண்டு. பார்ப்பவர் முகம் நோக்கும் திசையைப் பூச்சியமாகக் கொண்டால், முன்னிரண்டும் இரு பக்கமும் 30 பாகையிலும், பின்னிரண்டும் 100 முதல் 120 பாகைக்குள்ளும், அதாவது காதுகளுக்குச் சற்றுப் பின்னாக, அமைய வேண்டுமென்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. செற்றி சுவரோடு ஒட்டியிருக்கும் அறையில் காதுக்குப் பின்னால் இடமே இல்லை. இருக்கும் சொற்ப இடத்திலும் ஒரு பெட்டி வாசற்கதவில் அடிபடும், மற்றது குசினி வழியை மறிக்கும். இப்படிப்பட்ட வீடுகளில் ஐந்து பெட்டிகளையும் தொலைக்காட்சிக்கு மேலேயே வரிசையாக ஏற்றி வைத்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். முதுகுக்குப் பின்னால் பெய்ய வேண்டிய மழை அப்போது கதாநாயகனின் நெற்றியில் பெய்கிறது.

இரண்டு பெட்டி என்றால் பாட்டுக்கு மட்டுந்தான், படத்துக்கு ஆகாது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. அது சரியன்று. ஆங்கிலேயப் பொறியியலாளர் அலன் புளும்லைன் 1931இல் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதே, திரையில் நடிகர் நகரும் பக்கத்துக்குக் குரலும் நகர வேண்டும் என்ற தேவையை மனத்திற் கொண்டிருந்தார். இரண்டு பெட்டிகளும் சரியாக நின்றால், நடுவில் பெட்டி இல்லாமலே வசனம் திரையின் நடுவிலிருந்து கேட்கும்.

அவற்றைச் சரியாக நிறுத்துவது இப்படி: இரண்டுக்கும் இடையில் ஏழடி விடுங்கள், தொலைக்காட்சிச் சுவரிலிருந்து ஓரடியாவது முன்னுக்கு எடுங்கள், இரண்டையும் செற்றியின் நடுவை நோக்கிச் சற்றுத் திருப்புங்கள். உயர்ந்த ஒலியைத் தரும் சிறிய கூம்பு, இருப்பவரின் காது மட்டத்துக்கு வர வேண்டும். பிள்ளைகள் பாயில் இருந்து பார்ப்பதுதான் வழக்கமென்றால் பெட்டியை இலேசாகக் கீழ்நோக்கிச் சரித்து விடலாம். செற்றியைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது முன்னுக்கு இழுத்தால், சுவரோரம் திரண்டு நிற்கும் தாழ்ந்த ஒலியின் இரைச்சல் குறையும். சீமெந்துச் சுவரும் சீமெந்துத் தரையும் ஒலியைத் திருப்பி எறிவதால், யன்னல்களுக்குத் தடித்த திரைச்சீலையும் தரையில் ஒரு விரிப்பும் இடுங்கள். அந்தச் செலவு, மேலும் மூன்று பெட்டிகளுக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதிகப் பலன் தரும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): எங்களிடம் 5.1 தொகுதி ஒன்று உண்டு. இடம் போதாததால் முன்னிரண்டு பெட்டிகளையும் சப்வூஃபரையும் மட்டும் இணைத்திருக்கிறோம். பாட்டும் சண்டையும் அலறுகின்றன, வசனம் மட்டும் அமுங்கிப் போகிறது. அப்பா ஒவ்வொரு காட்சிக்கும் "என்ன சொன்னவன்?" என்று கேட்கிறார்.

பதில்: அப்பாவின் காதைக் குறை சொல்ல வேண்டாம். 5.1 ஒலித்தடத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடுப் பெட்டிக்கே அனுப்பப்படுகிறது. அந்தப் பெட்டியை நீங்கள் இணைக்கவில்லை. அது இல்லை என்பதையும் கருவிக்குச் சொல்லவில்லை. ஆகவே கருவி, இல்லாத பெட்டிக்கு வசனத்தை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அமைவுப் பட்டியலில் ஒலிபெருக்கிகளைக் குறிக்கும் பகுதிக்குச் சென்று, நடுப் பெட்டியும் பின்பெட்டிகளும் இல்லை என்று தெரிவுசெய்யுங்கள். அப்படியொரு தெரிவு இல்லாவிட்டால் வெளியீட்டை ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். உடனே நடுத்தடத்தின் ஒலி, வழமையாக 3 டெசிபல் குறைக்கப்பட்டு, இடது வலது இரண்டிலும் சேர்க்கப்படும். இரண்டு பெட்டிகளும் சேர்ந்து அந்தக் குறைவை ஈடுசெய்யும்.

ஆனாலும் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது வேறொன்று: நடுப் பெட்டியை எப்படியாவது தொலைக்காட்சிக்குக் கீழே வைத்து இணையுங்கள். இரண்டு பெட்டிகளின் நடுவே தோன்றும் குரல் நேர்நடுவில் இருப்பவருக்கே திருத்தமாகக் கேட்கும். ஓரக் கதிரையில் இருப்பவருக்கு அது அருகிலுள்ள பெட்டிப் பக்கம் சரிந்துவிடும். அப்பா எந்த ஓரத்தில் இருந்தாலும் குரல் திரையிலிருந்தே வர வேண்டுமானால் நடுப் பெட்டிதான் வழி. அதன் மட்டத்தை மட்டும் 3 டெசிபல் கூட்டலாம். பின்பெட்டிகள் கூரைத்தட்டிலேயே கிடக்கட்டும். மூன்று பெட்டிகளோடு நின்றுகொள்வது குறையான ஏற்பாடன்று. இரவில் பார்க்கும்போது, பெரும் சத்தத்தை அடக்கி மெல்லிய ஒலியை உயர்த்தும் "நைட் மோட்" என்ற தெரிவையும் பயன்படுத்துங்கள்.

கேள்வி (வவுனியா): கனடாவிலிருந்து வந்த அண்ணா 5.1 தொகுதி ஒன்றைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். தனி அறையொன்று, 12க்கு 15 அடி, சும்மா கிடக்கிறது. பிளக்கை மாற்றிவிட்டால் போதுமா?

பதில்: பிளக்கைத் தொடுவதற்கு முன் கருவியின் பின்புறத்தில் ஒட்டியுள்ள தாளைப் படியுங்கள். கனடாவின் மின்சாரம் 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அந்தத் தாளில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றுவது போதும். 120 என்று மட்டும் இருந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் ஒரு விநாடியேனும் இணைக்க வேண்டாம். கருவி 300 வாற்று இழுக்குமென்று எழுதியிருந்தால் 500 தாங்கும் ட்ரான்ஸ்போமரை வாங்குங்கள். மட்டுமட்டாக வாங்கினால் சூடேறும். சப்வூஃபருக்குத் தனி மின்கம்பி இருந்தால் அதன் தாளையும் தனியே பார்க்க வேண்டும்; பெரும்பாலும் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இனி அறைக்கு வருவோம். தனி அறை, மூடக்கூடிய கதவு, 15 அடி நீளம் என்பதால் உங்களுக்குச் சரவுண்டையே தயங்காமல் சொல்வேன். இருக்கையைப் பின்சுவரிலிருந்து நான்கைந்து அடி முன்னுக்குப் போடுங்கள். பின்பெட்டிகளை இருப்பவரின் காது மட்டத்துக்கு ஓரிரு அடி மேலே, பக்கச் சுவர்களிற் சற்றுப் பின்னாகப் பொருத்துங்கள். பிறகு ஒவ்வொரு பெட்டியும் இருக்கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதென்று நாடாவால் அளந்து கருவியிற் பதியுங்கள். ஒலி ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவிநாடி எடுக்கும். அருகிலுள்ள பின்பெட்டியின் ஒலி முந்திக்கொண்டால் காது அந்தப் பக்கமே இழுபடும். அளவைப் பதிந்துவிட்டால் கருவியே அருகிலுள்ளதைத் தாமதப்படுத்திவிடும். வயர்களின் சிவப்பும் கறுப்பும் ஒரு பெட்டியிற்கூட மாறக் கூடாது. மாறினால் தாழ்ந்த ஒலி மெலியும், குரல் நடுவில் நிலைக்காது.

கேள்வி (மாங்குளம்): ஓட்டுக் கூரை வீடு, சீலிங் அடிக்கவில்லை. மேல்நோக்கி ஒலிக்கும் பெட்டிகளோடு வரும் டொல்பி அட்மோஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி கேட்கச் செய்யும் முறை) சவுண்ட்பார், அதாவது தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் நீளப் பெட்டி, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பெட்டிகள் ஒலியைத் தட்டையான சீலிங்கில் எறிந்து, அது உங்கள் மேல் திரும்பி விழுவதை நம்பியே செய்யப்பட்டவை. சரிந்த ஓட்டுக் கூரையிற் பட்ட ஒலி எங்கோ போகும். சுவருக்கும் கூரைக்கும் இடையிலான வெளியால் அடுத்த அறையில் உறங்குபவருக்கும் போகும். அதே விலைக்கு மேல்நோக்கும் பெட்டியில்லாத நல்ல சவுண்ட்பார் கிடைக்கும்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): சப்வூஃபர் போட்டால் தகரக் கூரை அதிர்கிறது. பழுதா?

பதில்: கருவியிற் பழுதில்லை. உங்கள் அறை பத்துக்குப் பத்து அடி என்று எழுதியிருக்கிறீர்கள். நமது வெக்கையில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 350 மீற்றர். பத்தடி இடைவெளியுள்ள இரு சுவர்களுக்கிடையே 57 ஹேர்ட்ஸ் அளவில் ஒலி தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும். சதுர அறையில் நீளமும் அகலமும் அதே ஒலியையே பெருக்குவதால் அது இரட்டிப்பாகத் தெரிகிறது. நீங்கள் சப்வூஃபரை மூலையில் வேறு வைத்திருக்கிறீர்கள். மூலை தாழ்ந்த ஒலியை மேலும் கூட்டும்.

செய்ய வேண்டியது சுலபம். சப்வூஃபரைத் தற்காலிகமாக நீங்கள் இருந்து பார்க்கும் இடத்தில் வைத்து, தாழ்ந்த ஒலி நிறைந்த பாட்டொன்றைப் போட்டுவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு சுரமும் இரைச்சலின்றிச் சமமாகக் கேட்கிறதோ, அந்த இடமே சப்வூஃபருக்கு உரிய இடம். பிறகு மட்டத்தைக் குறையுங்கள். சப்வூஃபர் ஒலிப்பதே தெரியாமல், நிறுத்தினால்தான் குறை தெரிய வேண்டும். கூரையிற் கழன்ற ஆணிகளையும் இறுக்கிவிடுங்கள், மழைக்கும் நல்லது.

கேள்வி (மல்லாவி): 5,000 வாற்று என்று எழுதிய 5.1 தொகுதி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பீஎம்பீஓ என்று இருக்கும், அதற்குப் பொருளில்லை. தொடர்ந்து தரக்கூடிய வலுவைக் காட்டும் ஆர்எம்எஸ் என்ற அளவைப் பாருங்கள். சிறிய அறைக்குப் பெட்டியொன்றுக்கு 20, 30 ஆர்எம்எஸ் வாற்று தாராளம். வலுவை இரு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான்; காதுக்குச் சத்தம் சற்றே கூடியதாகத்தான் கேட்கும். அந்த விலையை ஐந்து பெட்டிக்குப் பங்கிட்டுப் பார்த்தால், ஒவ்வொன்றினுள்ளும் எப்படிப்பட்ட கூம்பு இருக்குமென்று நீங்களே ஊகிக்கலாம்.

கேள்வி (முல்லைத்தீவு): நாங்கள் பார்ப்பது செய்தி, நாடகம், பழைய தமிழ்ப் படங்கள். கசெற் காலத்து அம்ப்ளிஃபயரும் இரண்டு பெரிய பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றையே புதிய தொலைக்காட்சிக்கு இணைக்க முடியுமா, அல்லது சரவுண்ட் வாங்குவதா?

பதில்: இருப்பதையே இணையுங்கள். செய்தியிலும் நாடகத்திலும் பின்னாலிருந்து வரவேண்டிய ஒலி எதுவும் இல்லை. பழைய படங்களின் ஒலி ஒற்றைத் தடத்திற் பதிவானது. ஐந்து பெட்டியிற் போட்டாலும் கருவி அதைப் பிரித்துக் காட்டுவது பாவனையே. கடற்காற்றில் உப்புப் படிவதால், முதலில் அம்ப்ளிஃபயரின் பின்னாலுள்ள இணைப்புகளைக் களிம்பு போகத் துடையுங்கள். தொலைக்காட்சியில் ஹெட்போன் துளை இருந்தால் ஒரு வயரோடு வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ஒலியை ஒளியாக அனுப்பும் ஒப்டிகல் வெளியீட்டில், அதைச் சாதாரண ஒலியாக மாற்றித் தரும் சிறு பெட்டியொன்றைப் பொருத்த வேண்டும். அந்த மலிவான பெட்டிகள் பெரும்பாலும் டொல்பி என்ற சுருக்கப்பட்ட ஒலியை விளங்கிக்கொள்ளா; ஆகவே தொலைக்காட்சியின் டிஜிற்றல் ஒலி வெளியீட்டைப் பீசீஎம் (சுருக்கப்படாத ஒலி) என்று மாற்றி வையுங்கள். இணைத்த பின் சத்தமே வராவிட்டால், அம்ப்ளிஃபயரைக் கழற்றுவதற்கு முன் அந்தத் தெரிவை மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.